லயத்து நாயின் கடைசி நாட்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாய் எப்போது, எப்படிச் சாகும் என்பதை அதற்குச் சோறு வைத்தவர்களே முடிவு செய்யும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த முடிவு வேறு யார் யார் கையிலோ இருந்தது.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மலைச் சமவெளிகளில் மரை வேட்டையாடுவதற்கென்றே ஒரு நாய்ப் பட்டாளத்தை வைத்திருந்தார். 1854இல் வெளிவந்த அவருடைய வேட்டை நூலில் அந்த நாய்களுக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு. சிறுத்தையிடமும் காட்டுப்பன்றியிடமும் அவை பட்ட காயங்களும் இறந்த விதமும் உண்டு. அதே ஆண்டுகளில்தான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே மலையகத் தமிழரான எங்கள் முன்னோர் நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. துரையின் நாய்க்குக் கிடைத்த பதிவுகூட மனிதருக்குக் கிடைக்காத இடத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து நாயைப் பற்றி யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

ஆனால் நாய்மேல் வைக்கும் பாசத்தைத் துரைமார் பங்களாவில் பார்த்து நாம் கற்றுக்கொள்ளவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் அந்தக் கல்லில் நிற்கிறது. பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. மலையகத்தில் இன்றும் ஆடப்படும் பொன்னர் சங்கர் கதையில் பொன்னாச்சி வருகிறாள். வேட்டைக்குத் தன்னைக் கூப்பிடாமல் போய்விட்டார்களே என்று கோபித்துக்கொள்ளும் சிறு பெண் நாய் அவள்; கடைசியில் கொம்பன் பன்றியை வீழ்த்த அவள்தான் வேண்டியிருந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சனங்களிடம் நாய்க்கு உரிய மரியாதையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இல்லாமற்போனது அதிகாரம். 1893இல் விசர்நாய்க் கட்டளைச் சட்டம் வந்தது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பங்களா நாய்க்குப் பட்டியும் பதிவும் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் வாசலில் படுத்துக்கிடக்கும் நாய்க்கு அவை ஏது? நாலு வீட்டுச் சோறு சாப்பிட்டு, இரவில் சிறுத்தை வந்தால் முதலில் குரைத்து லயத்தையே எழுப்பிவிடும் அந்த நாய், சட்டத்தின் கண்ணுக்குத் தெருநாய்தான். சிறுத்தை கொண்டுபோகவில்லையென்றால் நஞ்சோ துப்பாக்கியோ அதன் கணக்கை முடித்தது. கொல்லப் போகிறோம் என்று வளர்த்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட யாரும் நினைக்கவில்லை.

விசர்நாய்ச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த பயம் பொய்யல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1973இல் மட்டும் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அறிகுறி தெரிந்த பிறகு நாய்க்கும் மருந்தில்லை, மனிதருக்கும் மருந்தில்லை. சந்தேகம் இருந்தால், இறந்த நாயின் தலையை வெட்டி, ஐஸில் வைத்து, கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். வளர்த்த பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும்போது அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டியிருந்தது. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

நாயையும் வளர்த்தவர்களையும் பிரித்தது நோய் மட்டுமல்ல. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அப்படிப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். தலைமன்னாரில் கப்பலேறும்போது கையில் தகரப்பெட்டி இருந்தது, நாய்க்கு இடமில்லை. லொறிக்குப் பின்னால் அடுத்த டிவிஷன் வரை ஓடிவந்த நாய்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். வெற்றுக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் நாட்கணக்காகப் படுத்துக்கிடந்து, வேறு யார் சோறு வைத்தாலும் தொடாத நாயைப் பற்றியும் சொன்னார்கள். தாங்கள் எந்த நாட்டில் சாவது என்பதையே தாங்கள் முடிவு செய்யாத மனிதர்கள் அவர்கள்.

2006இல் தெருநாய்களைக் கொன்று ஒழிக்கும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டது. தடுப்பூசியும் கருத்தடையும் மலைக்கு ஏறின. நாய்கள் கொஞ்சம் கூடுதலாக வாழத் தொடங்கின. கூடவே முதுமையின் நோய்களும் வந்தன: சிறுநீரகம் பழுதாவது, இதயம் வீங்குவது, புற்றுக்கட்டி. இவற்றில் குணமாகக்கூடியவையும் உண்டு. உண்ணியால் வரும் காய்ச்சலை நேரத்தோடு பிடித்தால் நாய் பிழைக்கும். பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் தொற்றுக்கட்டி பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். அது தெரியாமல் ‘முடிஞ்சு போச்சு’ என்று கைவிடப்பட்ட நாய்கள் எத்தனையோ. கருணைக்கொலை பற்றிப் பேசுவதற்கு முன்னால் வைத்தியம் கிடைத்ததா என்று கேட்க வேண்டும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் குணமாக வழியில்லாத ஒரு நாயைப் பார்த்தேன். செவலை நிறம், மூக்கெல்லாம் நரைத்திருந்தது. சிறுநீரகம் போய்விட்டது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வாயில் புண், மூச்சில் மூத்திர நாற்றம். கொழுந்துச் சாக்கை நாலாக மடித்து அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். வீட்டு அக்கா மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கிய கையோடு, வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்து அதன் உதட்டில் ஒற்றினார். நாய் நாக்கை நீட்டவில்லை. வாலை மட்டும் ஒருமுறை தட்டியது. “வால ஆட்டுதே தம்பி, இத எப்புடிங்க ஊசி போடச் சொல்றது?” என்றார்.

அவர் கேட்டதுதான் இந்த விஷயத்திலேயே கடினமான கேள்வி. சாகக் கிடக்கும் நாயும் தனக்கு வேண்டியவரைக் கண்டால் வாலாட்டும். அதை வைத்து வலியை அளக்க முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஒரு அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர், சுத்தம், சந்தோசம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. கூட்டினால் 35க்கு மேல் வரும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்பார். லயத்தில் யாரும் புள்ளி போடப் போவதில்லை. ஆனால் இரவில் தூங்கியதா, தானாக எழுந்து வெளியே போனதா, இந்த வாரம் நல்ல நாள் எத்தனை என்று சுவரில் மாட்டிய கலண்டரில் கோடு போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் அழுகையைவிட அந்தக் கோடுகள் நேர்மையாகப் பேசும்.

‘உயிரை எடுக்க நாம் யார்’ என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். நாய் வைரவரின் வாகனம். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பௌத்தர்களுக்கும் இதே தயக்கம் உண்டு. ஆனால் ஊசி வேண்டாம் என்றால் அந்த இடத்தில் வருவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். சோற்றில் மருந்து கலக்கிறார்கள். இல்லையென்றால் நாய் நாட்கணக்கில் வலிப்பில் துடிக்கிறது. ஊசி என்றால், வைத்தியர் முதலில் மயக்கம் கொடுப்பார். நாய் தூங்கிய பிறகு பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தைப் பல மடங்கு நாளத்தில் ஏற்றுவார். சில நிமிடத்தில் மூச்சு நிற்கும், இதயம் நிற்கும். கண் மூடாது, ஒன்றிரண்டு தடவை உடம்பு உதறலாம். அது வலியல்ல என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊசிதான் மலைக்கு எட்டவில்லை. நாய்க்குப் பெரிய வைத்தியம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவமனை. தோட்டத்திலிருந்து போய்வர முழு நாள் வேண்டும். 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டது. ஆட்டோ கூலிக்கும் மருந்துக்கும் எத்தனை நாள் வேலைக்குப் பேர் போட வேண்டும் என்று ஒரு குடும்பம் கணக்குப் பார்ப்பதை அன்பில்லாமை என்று யாரும் சொல்லக்கூடாது. அரச கால்நடை அலுவலகத்திலிருந்து மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறார்கள், ஆண்டுக்கொரு முறை விசர்நாய்த் தடுப்பூசிக்கும் வருகிறார்கள். அதே வண்டியில் மயக்க மருந்தும், அதை ஏற்றத் தகுதியுள்ள வைத்தியரும், குறித்த ஒரு நாளும் இருந்தால் போதும். புதிதாக ஒரு திணைக்களம் வேண்டியதில்லை.

அடுத்தது புதைக்க நிலம். பென்டோபார்பிட்டால் ஏற்றி இறந்த உடலில் அந்த மருந்து நெடுநாள் தங்கும். தோண்டித் தின்னும் பன்றியும் சிறுத்தையும் சாகக்கூடும். ஆகவே குழி ஆழமாக வேண்டும், தண்ணீர்ப் பீலியிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி வேண்டும். லயத்துக்காரருக்கு முற்றம்கூடச் சொந்தமில்லை. வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் கிடைத்தவர்களுக்கும் அதற்கு இடம் காணாது. தோட்ட நிர்வாகம் ஒவ்வொரு டிவிஷனிலும் தேயிலை ஏறாத ஒரு துண்டை இதற்கென ஒதுக்கி, அதை எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் துரையிடம் போய் நிற்கும்படி வைக்கக்கூடாது.