மொய்யில் நட்டம் கண்டுபிடித்தவர்கள்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் ஆய்வாளர் தம்பி ஒருவர் திரையில் அட்டவணை போட்டார். 2000-ல் ஒரு கல்யாணத்தில் எழுதிய 101 ரூபாய் மொய்யை வங்கியில் போட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு, திரும்பி வந்த மொய் எவ்வளவு, நட்டம் எவ்வளவு! கிராமத்து ஜனங்கள் தங்கள் லாபம் தெரியாதவர்கள் என்பது அவர் முடிவு. சபை கைதட்டியது. மறுநாள் துறைத்தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்க் கவர் வாங்க வேண்டும் என்று தம்பி அவசரமாகக் கிளம்பியதை நான் மட்டும்தான் கவனித்தேன் போலிருக்கிறது.

மனிதன் எதைச் செய்தாலும் சொந்த லாபத்துக்கே செய்வான், ஆடம் ஸ்மித்தே சொல்லிவிட்டார் என்பது இந்த வகை ஆய்வுகளின் பிள்ளையார் சுழி. எந்த ஸ்மித்? 1776-ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் அந்தப் பிரசித்தி பெற்ற 'கண்ணுக்குத் தெரியாத கை' ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதற்கு 17 வருடம் முன்பே, அடுத்தவன் துன்பம் நம்மை ஏன் உலுக்குகிறது என்று ஆராய்ந்து ஒரு நூல் எழுதியவர் அவர். 1790-ல் சாகும் வரைக்கும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். அதைப் புரட்ட இவர்களுக்கு நேரமில்லை.

சரி, மொய் நோட்டையாவது புரட்டினார்களா? மஞ்சள் தடவிய முதல் பக்கம், முதல் வரி தாய்மாமனுக்கு, அப்புறம் ஊர், பெயர், தொகை. திருப்பிச் செய்யும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். வாங்கிய 500-ஐ அப்படியே 500-ஆக வைத்துப் பாருங்கள், "கணக்கை முடிச்சுக்கிட்டான்" என்று பேச்சு கிளம்பிவிடும். கடனை அடைத்தால் நிம்மதி. மொய்யை நேர் செய்தால் மனத்தாங்கல். இது எந்த ஊர்க் கடன், தம்பி?

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் நடக்கும் மொய் விருந்துக்குப் போய்ப் பார்க்கட்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே அழைப்பிதழ், கறிச்சோறு. ஜாமீன் கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை, பணம் லட்சக்கணக்கில் புரளும். கணக்கு இல்லையா? பைசா சுத்தமாக இருக்கிறது. கணக்கு இருந்தால் உறவு இருக்காது என்று இந்த ஆய்வாளர்களுக்கு யார் சொன்னது?

மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் கூட்டாளிகளும் 15 சிறு சமூகங்களில் ஒரு பண விளையாட்டு நடத்தி, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொடுத்த பணத்தை ஒருவர் பங்கு பிரித்துச் சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் பூஜ்யம். பாடப்புத்தகத்துச் சுயநல மனிதன் ஓர் ஊரிலும் அகப்படவில்லை. இந்தோனேசியாவின் லாமலேராவில் திமிங்கிலம் பிடிப்பவர்கள் பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள். பப்புவா நியூகினியில் சிலர் பாதிக்கு மேல் தந்ததையும் வேண்டாம் என்றார்கள்; வாங்கினால் கடமைப்பட்டு நிற்க வேண்டுமே! பெரிய மொய் வந்தால் நம் வீட்டுப் பெரியம்மா முகம் சுருங்குவதும் இதற்குத்தான். அவருக்கு யாரும் முனைவர் பட்டம் கொடுக்கவில்லை.

நம் ஆய்வாளர்களின் வினாத்தாளோ தனிக் கொடுமை. "உங்கள் உறவினர்களை நம்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, 'முற்றிலும் ஆம்' தொடங்கி 'முற்றிலும் இல்லை' வரை ஐந்து கட்டம். எந்த உறவினர் ஐயா? மாமனா, பங்காளியா, சம்பந்தியா? பங்காளியை நம்பாதவரும் அவர் வீட்டுக்கு மொய் எழுதத் தவறுவதில்லை. அதற்குக் கட்டம் எங்கே?

ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு என்று போனால் இதே கூத்து. பொதுச்சொத்தை ஆளுக்கு ஆள் சுரண்டி அழிப்பார்கள் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-ல் எழுதியதே இவர்களுக்கு வேதவாக்கு. அது அவர் மனசுக்குள் கட்டிய மேய்ச்சல் நிலம். எலினார் ஆஸ்ட்ரம் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல், வலென்சியாவின் வாய்க்கால் என்று நிஜமான இடங்களை எடுத்துக்கொண்டு, ஊரே விதி போட்டு ஊரே காப்பாற்றியதைக் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபலும் வாங்கினார். தான் சொன்னது நிர்வாகமே இல்லாத பொதுச்சொத்தை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது பெரிய பிழை என்று 1998-ல் ஹார்டினே ஒப்புக்கொண்டுவிட்டார். நம்மவர்களுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.