கேஸ் எங்கே போகிறது?

மே மாத டெல்லியில் ஏ.சி. மெக்கானிக்குகள் தினமும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “கேஸ் தீர்ந்துபோச்சு, நிரப்பணும்.” வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுப் பர்ஸைத் தேடுகிறார்.

உண்மையில் ஏ.சி.யில் கேஸ் தீர்வதில்லை. சமையல் கேஸ் போல எரிந்துபோகும் சரக்கல்ல அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அதன் வேலை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. கேஸ் காற்றில் கலந்துவிட்டது.

அங்கேதான் வினை. பழைய ஏ.சி.க்களில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கிறது. தவிர, ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. சூடாக்குவதில் முன்னதையே மிஞ்சிவிட்டது.

எனவே இரண்டுக்கும் கெடு. புதிய ஏ.சி. தயாரிப்பில் ஆர்-22-க்கு இந்தியாவில் 2025 முதல் தடை. இரண்டாவது ரகத்தைக் குறைக்க ருவாண்டாவின் கிகாலி நகரில் 2016-ல் உடன்பாடு ஏற்பட்டது. 2021-ல் அதை உறுதிசெய்த இந்தியா, 2028-ல் பயன்பாடு மேலும் உயராமல் நிறுத்த வேண்டும். 2032-ல் 10 சதவிகிதம், 2047-ல் 85 சதவிகிதம் குறைக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கெடுக்கள் தயாரிப்பையும் இறக்குமதியையும்தான் கட்டுப்படுத்துகின்றன. ஏற்கெனவே சுவரில் தொங்கும் ஏ.சி.க்குள் இருக்கும் கேஸின் கதி, மூன்றாவது மாடி விளிம்பில் ஸ்பானருடன் நிற்பவர் கையில். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்குவம் பம்ப் போட்டு, எடைபார்த்து நிரப்ப நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடும். ஓட்டை அப்படியே இருக்க, கேஸ் மட்டும் ஏறுகிறது.

புதிய கேஸ்கள் இன்னும் கவனம் கேட்கின்றன. ஆர்-32 பூமியைச் சூடாக்குவது ஆர்-410ஏ-யில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்-290 எனப்படும் புரோபேன் அநேகமாகச் சூடாக்குவதே இல்லை. ஆனால் முன்னது ஓரளவு தீப்பற்றும், பின்னது நன்றாகவே பற்றும். இங்கே அரைகுறை வேலை என்பது மெக்கானிக்கின் உயிரோடு விளையாட்டு. 2022-23-க்குள் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதென்று 2019-ல் வெளியான தேசியக் குளிர்விப்புத் திட்டம் இலக்கு வைத்தது இதனால்தான்.

வீட்டுக்காரருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. “எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதற்கு முன், “எங்கே ஒழுகுகிறது?” என்று கேட்கலாம். பதில் கிடைக்கும்வரை பர்ஸ் பையிலேயே இருக்கட்டும்.