உதிரிப்பூக்கள் – அந்த ஊர் எங்க போயிருந்துச்சு?

(டிஸ்கி: படத்தோட முடிவைச் சொல்லப் போறேன். 1979ல வந்த படத்தை இன்னும் பார்க்காதவங்க முதல்ல பார்த்துட்டு வாங்க. பதிவு எங்கயும் ஓடிடாது.)

போன வாரம் ஒரு ராத்திரி நல்ல மழை. தூக்கம் வரலை. ரொம்ப வருஷம் கழிச்சு உதிரிப்பூக்கள் பார்த்தேன். இளையராஜா, அசோக்குமார் கேமரா பத்தியெல்லாம் நம்ம ஆளுங்க பக்கம் பக்கமா எழுதியாச்சு. புதுமைப்பித்தனோட சிற்றன்னையில இருந்து மகேந்திரன் கதையை எவ்வளவு தூரம் நகர்த்திட்டுப் போனார்ங்கறதையும் எழுதியாச்சு. எனக்குச் சொல்ல வேண்டியது வேற.

சுந்தரவடிவேலு (விஜயன்) ஒரு சேடிஸ்ட், தமிழ் சினிமாவோட மறக்க முடியாத வில்லன்னு எல்லாரும் சொல்றோம். சரிதான். ஆனா கத்தாத, மீசை முறுக்காத வில்லன். ஊர்ல பள்ளிக்கூடம் நடத்துற பெரிய மனுஷன். வீட்டுக்குள்ள சீக்காளிப் பொண்டாட்டி லட்சுமியை (அஸ்வினி) வார்த்தையாலயே கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கிறான். அவ தங்கச்சியையே ரெண்டாந்தாரமா கேக்குறான். ஊருக்கு அவன் குணம் தெரியாமலா இருந்திருக்கும்? 'அது அவங்க குடும்ப விஷயம்'.

லட்சுமி செத்தும் போறா. அப்பவும் ஊர் அவனை ஒண்ணும் செய்யலை. மச்சினி செண்பகத்தை அவன் அவமானப்படுத்துற அன்னைக்குத்தான் ஊரே திரண்டு வருது, அவனை ஆத்துல இறங்கச் சொல்லுது. சாகப்போற நேரத்துல அவன் சொல்றதோட சாரம் இதுதான்: நான் செஞ்ச தப்பிலேயே பெரிய தப்பு, உங்களையும் என்னை மாதிரி ஆக்கினது.

சின்ன வயசுல டிவியில அம்மாவோட இந்தப் படத்தைப் பார்த்தேன். முடிஞ்சதும் நான் "நல்லா வேணும் அவனுக்கு"ன்னேன். அம்மா எழுந்து போய்க்கிட்டே சொன்னாங்க: "இப்ப வந்து நிக்கிறானுங்களே, அவ உசுரோட இருந்தப்ப இந்த ஊர் எங்கடா போச்சு?" அப்ப புரியலை.

இப்ப புரியுது. ஐயப்பன்தாங்கல்ல எங்க ஃப்ளாட்டுக்கு மேல் வீட்டுல ஒரு குடும்பம் இருந்தாங்க. ராத்திரியில சத்தம் கேக்கும். நாங்க டிவி வால்யூமைக் கூட்டுவோம். காலையில படிக்கட்டுல அந்தம்மாவைப் பார்த்தா "நல்லா இருக்கீங்களா"ன்னு கேப்பேன், அவங்களும் சிரிப்பாங்க. ஒருநாள் ரெண்டு பிள்ளைங்களோட ஆட்டோ ஏறிப் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயந்திரம் எங்க வாட்ஸப் குரூப்பைப் பார்க்கணுமே! அவனைக் காலி பண்ண வைக்கணும், சும்மா விடக்கூடாதுன்னு அத்தனை பேருக்கும் ஆவேசம். நானும் ரெண்டு வரி எழுதினேன். வெக்கமா இருக்கு.

மகேந்திரன் ஊருக்காவது ஒரு சாக்கு உண்டு. பொண்டாட்டியைக் கொடுமைப்படுத்துறதைத் தனிக் குற்றமாக்கின 498ஏ பிரிவு 1983லதான் வந்துச்சு, படம் வந்து நாலு வருஷம் கழிச்சு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல. நமக்கு ரெண்டும் இருக்கு, 181ன்னு ஒரு நம்பரும் இருக்கு. எங்க ஃப்ளாட்டுல பன்னெண்டு வீடு. ஒருத்தரும் அந்த நம்பரை அழுத்தலை.

வழக்கமா வில்லன் செத்தா தியேட்டர்ல விசில் பறக்கும். இந்தப் படத்துல அது முடியாது. ஏன்னா கரையில ரெண்டு பிள்ளைங்க நிக்குது. அம்மாவும் இல்லை, இப்ப அப்பனும் இல்லை. தண்டனை குடுத்த ஊர் அதுங்களை என்ன செய்யும்னு மகேந்திரன் சொல்லவே இல்லை.

அதனால வில்லன் விஜயன் மட்டும்தான்னு இனிமே என்னால எழுத முடியாது. மேல் வீட்டு அந்தப் பிள்ளைங்க இப்ப எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு எங்க குரூப்ல யாருக்கும் தெரியாது. நானும் இதுவரைக்கும் கேட்டதில்லை.