"நம்பரைச் சொல்லும்மா"

சென்ற இதழிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்துவிட்டது, சகோதரிகளே.

ஏற்காட்டுக்கு மலைப்பாதை ஏறும் எங்கள் குப்பனூரில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் சேலத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்து அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தான். அவனிடம் இருப்பது லினக்ஸ், வீட்டில் விண்டோஸ், என் கையில் ஆண்ட்ராய்டு போன். அந்தச் செயலிக்கு எல்லாம் ஒன்றுதான். "நம்பரைச் சொல்லும்மா" என்பான். திரையில் தெரியும் எண்ணைப் படித்துவிட்டு, சம்மதம் என்று அழுத்துவேன். அம்புக்குறி தானாக ஓடி வேலையை முடிக்கும். முதல் தடவை பயந்தே போனேன்!

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. போன ஐப்பசியில் ஒரு மாலை, கரண்ட் பில் பாக்கி, இரவு 9.30க்கு இணைப்பைத் துண்டிப்போம் என்று போனில் செய்தி. அதிலிருந்த எண்ணுக்கு நானேதான் பேசினேன். மரியாதையாகப் பேசினான். "பத்து ரூபாய் கட்டினாச் சரியாயிடும் மேடம். அந்தச் செயலியில வர்ற நம்பரைச் சொல்லுங்க." மகனுக்குச் சொல்லிப் பழகிய வாய், அவனுக்கும் சொல்லிவிட்டது. ஓடிபியை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாமாம்! நான் தட்டிய கார்டு விவரமும், வந்து விழுந்த ஓடிபியும் அவன் திரையில் அப்படியே தெரிந்திருக்கிறது. பாக்கு விற்ற பணம் 18,000 ரூபாய் போயிற்று.

வீட்டுக்காரர் திட்டவில்லை. "முதல்ல நெட்டை நிறுத்து" என்றார். அவர் போனிலிருந்து உடனே 1930க்குச் சொன்னோம். பேங்கில் சொல்லிக் கார்டையும் முடக்கினோம். பணம் கை மாறுவதற்குள் சொன்னால் தடுத்து வைக்க வழியுண்டு. எங்களுக்கு 7,000 ரூபாய் அப்படி நின்றது, மற்றது நிற்கவில்லை.

எனிடெஸ்க் செயலியை வைத்து இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது. டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் எல்லாம் இதே வகைதான். செயலிமேல் குற்றமில்லை, திறந்துவிட்டது நான். ஆண்ட்ராய்டில் 'அக்ஸசிபிலிட்டி' அனுமதியும் கொடுத்துவிட்டால், பார்ப்பவன் தட்டவும் செய்வான். ஐபோனில் பார்க்க மட்டும்தான் முடியும். ஓடிபி திருட அது போதாதா?

இப்போது போனில் அந்தச் செயலி கிடையாது. கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. நம்மைக் கேட்காமலே உள்ளே வர ஒரு நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருந்தான், அதையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். மகன் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, நான் திரும்ப அவனைக் கூப்பிடுவேன்.

நேற்று பிரிண்டர் நின்றுபோனது. "நம்ம செவலைப் பசு பேர் என்னடா?" என்றேன்.

"அம்மா!" என்று கத்தினான். பேரைச் சொன்ன பிறகுதான் நம்பரைக் கொடுத்தேன்.