நாடுகளின் பிரிவும் குடிகளின் உரிமையும்

நாடுகள் கூடுதலும் பிரிதலும் உலகியற்கை. கூடிய நாடுகள் பிரியுங்கால் பொருளையும் கடனையும் பங்கிடுதற்கு முன்னிற்போர் பலர். அக்கூட்டுறவை நம்பி அயல் நாட்டில் மனை வைத்து வாழ்ந்த குடிகளின் உரிமையைக் கருதுவோர் சிலரே. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் எடுத்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்கு 51.9 பேர் விலகுதலே நன்றென்றனர். 2020 ஜனவரி 31இல் விலகலும் நிறைவேறிற்று. அவ்வாண்டின் இறுதிக்குள் முறைப்படி குடியேறியிருந்தோர் தம் வாழ்வுரிமையை இழவாதிருக்க, விலகல் உடன்படிக்கையிலேயே விதிகள் வகுக்கப்பட்டன. இது போற்றத்தக்கதே. ஆயின், அவ்விதிகளை நிறைவேற்றும் வழியை அவ்வந்நாடே தெரிந்துகொள்ளலாம் என்று விட்டமையால் இருவேறு நெறிகள் தோன்றின.

ஜெர்மனியில் வாழ்ந்த பிரித்தானியர்க்கு உரிமை சட்டத்தாலேயே தொடர்ந்தது. அலுவலகம் அளித்த சீட்டு அதற்குச் சான்று மாத்திரமே. பிரித்தானியாவிலோ, அயர்லாந்தினர் ஒழிந்த ஒன்றியக் குடிகள், 2021 ஜூன் 30ஆம் நாளுக்குள் விண்ணப்பித்து உரிமையைப் பெறல் வேண்டுமென விதித்தனர். ஐந்தாண்டு நிறையாதோர்க்குக் கிடைத்ததோ தவணையுள்ள உரிமை; தவணை முடியுமுன் மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டியிருந்தது.

பதிவின்றி உரிமையுடையாரை அரசு அறிவதெங்ஙனம் என்று வினவுவாருளர். பதிவு வேண்டுவதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் பிறப்புப் பதிவேட்டிற் பெயர் எழுதப்படாமையால் ஒருவன் பிறவாதவன் ஆவனோ? பதிவு உரிமையைக் காட்டுவதன்றி உரிமையைப் பிறப்பிப்பதன்று. தக்க காரணமுடையோர் காலங்கடந்தும் விண்ணப்பிக்கலாம் என்றனர். எனினும் காரணங் காட்டும் சுமை குடியின் தலைமேலதாயிற்று. அச்சுமை முதியோர்க்கும் நோயாளர்க்கும் பெற்றோரைப் பிரிந்த சிறார்க்கும் எத்துணைப் பெரிதென்பது சொல்லாமலே விளங்கும்.

உடன்படிக்கையின்படி நிறுவப்பெற்ற தனிக் கண்காணிப்பு அமைப்பொன்று இவ்வழக்கை மன்றேற்றியது. மறுமுறை விண்ணப்பியாமை ஒன்றனாலேயே தவணையுரிமையுடையார் தம் உரிமையை இழப்பர் என்பது உடன்படிக்கைக்கு மாறென, லண்டன் உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே தவணையைத் தானே நீட்டிக்கும் முறையை அரசு கைக்கொண்டது. அத்தகைய காவலமைப்பு இல்லாவிடின், எளிய குடியொருவன் அரசோடு வழக்காடி வெல்லுதல் எளிதோ?

ஆதலின், பிரிய எண்ணும் நாடுகள் மூன்றனை முதற்கண் செய்தல் வேண்டும் என்பது எம் கருத்து: குடிகளின் உரிமையைச் சட்டத்தாலேயே தொடரச் செய்தல், பதிவைச் சான்றளவில் நிறுத்தல், அரசின் கைப்படாத காவலமைப்பொன்றை நாட்டுதல். நாடுகள் பிரியலாம், நம்பி வந்தார்க்குக் கொடுத்த வாக்குப் பிறழலாகாது.