டி.வி. பெட்டியில் பிரவுசர் வேண்டுமா?

சென்ற மழைக்காலத்தில் நம் கடைக் கல்லாவுக்கு மேலே இருக்கும் டி.வி.க்கு, இணையத்தில் படம் பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினோம். சினிமா பார்க்க அல்ல. மழை வலுத்தால் டிஷ் படம் போய்விடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கேற்றிய லாரி பர்லியாறு தாண்டி வருமா, மண் சரிந்து பாதி மலையில் நிற்குமா என்று தெரியாமல் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பது நமக்கெல்லாம் பழகிப்போன அவஸ்தை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வானிலைத் துறையின் இணையப் பக்கத்தையும் மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தையும் பெரிய திரையில் போட்டு வைத்தால், சாமான் வாங்க வருகிறவர்களும் பார்த்துவிட்டுப் போவார்களே என்று நினைத்தோம்.

பெட்டியில் அதற்கு வழியே இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, "அண்ணாச்சி, இதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். பிரவுசர் எல்லாம் வராது" என்றார். இணைய இணைப்பு இல்லாவிட்டால் ஒரு நிமிடம் கூட வேலை செய்யாத பெட்டி, ஓர் இணையப் பக்கத்தைத் திறக்காது!

பிரவுசர் என்பது வேறொன்றுமில்லை. முகவரியைத் தட்டினால் உலகத்தில் யார் போட்ட பக்கத்தையும் திறந்து காட்டும் கருவி. அது இல்லாத பெட்டியில், பெட்டி செய்த நிறுவனம் தன் கடையில் அனுமதித்த செயலிகளை மட்டுமே பார்க்கலாம். இதன் பொருள் மற்றவர்களைவிட நம் வணிகர்களுக்கு நன்றாகவே விளங்கும். கடையின் முன்வரிசை ஷெல்ஃபில் சோப்பை அடுக்க நிறுவனங்கள் நமக்கு மாதாமாதம் டிஸ்பிளே பணம் தருவதில்லையா? டி.வி.யின் முதல் திரையும் அப்படிப்பட்ட ஷெல்ஃப்தான். ரிமோட்டிலேயே நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ என்று பொத்தான் இருக்கிறதே, அது சும்மா கிடைத்த இடம் அல்ல. வித்தியாசம் ஒன்றுதான். நம் ஷெல்ஃபில் இல்லாத சரக்கு வேண்டுமென்றால் வாடிக்கையாளர் படியிறங்கி எதிர்க்கடைக்குப் போய்விடலாம். பிரவுசர் இல்லாத பெட்டியில் படியிறங்க வாசல் கிடையாது.

ஷெல்ஃபை வைத்திருப்பவர் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு ஒரு பெரிய இடத்துச் சண்டையே சாட்சி. 2015-ல் அமேசான், கூகுளின் குரோம்காஸ்ட் என்ற டி.வி. கருவியைத் தன் தளத்தில் விற்பதை நிறுத்தியது. அது தன் ஃபயர் டி.வி.க்குப் போட்டிச் சரக்கு. 2017 டிசம்பரில் கூகுள் பதிலடி கொடுத்தது: 2018 ஜனவரி 1 முதல் ஃபயர் டி.வி.யில் யூடியூப் வராது என்று அறிவித்தது. இரண்டு மொத்த வியாபாரிகள் மோதிக்கொள்ள, பணம் கொடுத்துப் பெட்டி வாங்கியவன் நடுவில் நின்றான். அமேசான் அப்போது என்ன செய்தது தெரியுமா? சில்க், ஃபயர்ஃபாக்ஸ் என்ற இரண்டு பிரவுசர்களை அவசரமாக அந்தப் பெட்டியில் கொண்டு வந்தது. செயலி போனால் என்ன, பிரவுசரில் யூடியூப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. 2019 ஜூலையில் இருவரும் சமாதானமாகி யூடியூப் செயலி திரும்பி வந்தது. பிரவுசர் தேவையில்லாத ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அமேசானுக்கே ஆபத்தில் கை கொடுத்தது அந்த ஆடம்பரம்தான்.

அதே அமேசான் 2025 செப்டம்பர் இறுதியில் அறிவித்த புதிய ஃபயர் டி.வி. குச்சியில், தன் கடைக்கு வெளியே கிடைக்கும் செயலிகளை ஏற்ற முடியாதபடி அடைத்துவிட்டது. காரியம் முடிந்ததும் கதவு இறுகுகிறது.

நம் நாட்டிலும் இந்த விவகாரம் வழக்காக வந்தது. ஆண்ட்ராய்டு டி.வி.களில் கூகுளின் செயலிக் கடை வேண்டுமென்றால் அதனுடைய மற்றச் செயலிகளையும் மொத்தமாக ஏற்றியாக வேண்டும் என்ற நிபந்தனை மீது இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஜூனில் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கையும் சேர்த்து நம் தலையில் கட்டும் நிறுவனப் பிரதிநிதியை அறியாத மளிகைக்காரர் உண்டா? இது அதே வித்தைதான். 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. கட்டணத்துக்குத் தனியாக உரிமம் தரவும் ஒப்புக்கொண்டது. டி.வி. செய்பவருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. வாங்குபவருக்கு?

உதகைக்கு வருகிற வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதனால் நம் வியாபாரம் பட்ட பாடு வேறு கதை. 2025 ஏப்ரல் 2-ல் கடையடைப்பே நடந்தது. ஆனால் இங்கே சொல்ல வந்தது, அந்தப் பதிவை அரசு ஓர் இணையப் பக்கமாகப் போட்டது. எந்த ஊரிலும், எந்தக் கருவியிலும் பிரவுசரைத் திறந்து பதிவு செய்ய முடிந்தது. எந்த நிறுவனத்தின் கடையிலும் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. நாளைக்கு நம் சங்கமோ, கோத்தகிரியில் ஒரு தேயிலைத்தூள் கடையோ விலைப்பட்டியல் போட நினைத்தால் ஒரு பக்கம் போடலாம், கட்டுப்படியாகும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் செயலி எழுதி, ஏற்பு வாங்கி, வருடாவருடம் புதுப்பிக்க நம்மால் ஆகாது.

எஸ்டேட் லைன் வீடுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 கொரோனாக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது ஒருவழிப் பாதை. தவறவிட்ட பாடத்தைத் தேடி எடுக்கப் பிள்ளைக்கு போன் வேண்டும், வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டி.வி. சும்மா சுவரில் இருந்தது. கேபிள் பெட்டியில் இணையமே கிடையாது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்போது ஃபைபர் இணைப்போடு வருகிற பெட்டிகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஜியோ 2021-ல் தன் பெட்டிக்கென்றே தமிழும் சேர்ந்த பிரவுசரை வெளியிட்டது. 2025 ஜூலையில் அதே பெட்டியோடு கீபோர்டு, மவுஸ் மாட்டி டி.வி.யைக் கணினியாக்கும் திட்டத்தையும் கொண்டு வந்தது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்பது உண்மை. செய்ய முடியாது என்ற பேச்சு மட்டும் இனி எடுபடாது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி 'உதகமண்டலம்' என்று அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். 1996-ல் அமெரிக்காவில் வெப்டிவி என்று இதே எண்ணத்தில் ஒரு பெட்டி வந்தது. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2013-ல் மூடியும் விட்டது. அது டெலிபோன் லைனில் டயல் செய்து ஊர்ந்த காலத்துப் பெட்டி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். புதுப்பிக்கப்படாத பிரவுசர் திருடனுக்குத் திறந்த சன்னல். எனவே பூட்டும் எண்ணோடுதான் பிரவுசர் வர வேண்டும், எத்தனை வருடம் புதுப்பித்துத் தருவோம் என்பது அட்டைப்பெட்டியில் அச்சாக வேண்டும். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு எதையும் கடை டி.வி.யில் அடிக்கக் கூடாது. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கல்லாவைத் திறந்து வைத்து எண்ணுவோமா?

நம் உறுப்பினர்களில் எலெக்ட்ரானிக் சாமான் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள், "எல்லாச் சேனலும் இலவசம், பிரவுசரும் உண்டு" என்று வருகின்றன. அப்படிப்பட்ட பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே கள்ள மென்பொருள் புகுந்துவிடுகிறது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். வாங்கியவர் வீட்டு இணைய இணைப்பைத் திருடர்கள் தங்கள் வேலைக்கு ஓட்டுவார்கள். ஒரு பெட்டியில் நிற்கும் இருநூறு ரூபாய் லாபத்துக்காக, இருபது வருட வாடிக்கையாளர் வீட்டுக்குள் அதை அனுப்ப வேண்டாம். நல்ல நிறுவனத்தின் பெட்டியை விற்கும்போதும், அதில் பிரவுசர் உண்டா இல்லையா என்பதைப் பில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கொள்முதலின்போது விநியோகஸ்தரிடமும் அதைக் கேளுங்கள். பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் மேலே எழுதுவார்கள்.

நம் கடையில் இப்போது பையனின் பழைய லேப்டாப்பை ஒயர் போட்டு டி.வி.யோடு மாட்டியிருக்கிறோம். மழைப் பக்கம் அதில்தான் ஓடுகிறது. வாங்கிய பெட்டி சாயந்தரம் பாட்டுப் போட மட்டும் பயன்படுகிறது.