இன்ஜின் ஓடவில்லை... ஏசி மட்டும் எப்படி ஓடுகிறது? ஹைபிரிட் காரில் கவனிக்க வேண்டியவை!

அக்னி நட்சத்திர வெயிலில் உத்திரமேரூருக்குக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கக் காரில் வருகிறது ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வைகுண்டப் பெருமாள் கோயில் வாசலில் வண்டி நின்றதும், "பாட்டியும் குழந்தையும் ஏசியிலேயே இருக்கட்டும்" என்று மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். சாதாரண பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். ஹைபிரிட் காரில் சத்தமே இருக்காது. ஆனால், குளிர்காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் வரும் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

பெல்ட் இல்லாத ஏசி

எந்த காராக இருந்தாலும் ஏசியின் இதயம் கம்ப்ரஸர்தான். அது கேஸை அழுத்தி அனுப்ப, முன்பக்க கண்டென்சரில் வெப்பம் வெளியேறும். பிறகு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அந்த கேஸ் விரிந்து குளிரும். அதன்மீது பட்டு வரும் காற்றுதான் நம் முகத்தில் வீசுகிறது.

சாதாரண காரில் இந்த கம்ப்ரஸரை ஒரு பெல்ட் மூலம் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் கம்ப்ரஸரும் நிற்கும். 1997-ல் ஜப்பானில் அறிமுகமான முதல் டொயோட்டா ப்ரியஸ் ஹைபிரிட்டிலும் இதே பெல்ட்தான். 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸில்தான் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர் வந்தது. வீட்டு இன்வெர்ட்டர் ஏசியைப் போல, தேவைக்கேற்ப இதன் வேகம் கூடும், குறையும்.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல

இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி போன்றவற்றின் 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' மாடல்களில் இன்ஜின் நின்றாலும் பேட்டரியிலிருந்து ஏசி ஓடும்.

எர்டிகா போன்ற 'மைல்டு ஹைபிரிட்' கார்களில் அந்த வசதி கிடையாது. அவற்றின் சின்ன பேட்டரியால் கம்ப்ரஸரை இயக்க முடியாது. சிக்னலில் இன்ஜின் தானாக நின்றதும் ப்ளோயர் காற்று மட்டும்தான் வரும். உள்ளே சூடு ஏறினால் இன்ஜின் மீண்டும் ஸ்டார்ட் ஆகும். கார் வாங்கும்போது 'ஹைபிரிட்' என்ற ஒரு வார்த்தையை நம்பாமல், எந்த ஹைபிரிட் என்று கேட்பது நல்லது.

முக்கால் யூனிட் கணக்கு

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் உள்ள பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் ஹவர். கரன்ட் பில் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய முக்கால் யூனிட். மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் வீட்டு ஏசியை ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான் இது தாங்கும். அதிலும் பேட்டரியின் ஆயுளைக் காக்க, ஒரு பகுதியை மட்டுமே கார் பயன்படுத்தும்.

அதனால் நிறுத்திவைத்த காரில் ஏசி ஓடினால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெட்ரோல் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகி பேட்டரியை சார்ஜ் செய்யும். ஆக, அந்தக் குளிருக்கும் கடைசியில் பெட்ரோல்தான் செலவாகிறது.

சத்தம் இல்லை என்றால் ஆஃப் என்று அர்த்தமில்லை

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் காரை நிறுத்தி, ஏசி போட்டுக்கொண்டு அசந்து தூங்கினால், இன்ஜின் ஸ்டார்ட் ஆவதே தெரியாது. சைலன்ஸரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரைப் பறித்துவிடும். அமெரிக்காவில், பட்டன் ஸ்டார்ட் கார்களை ஆஃப் செய்ய மறந்து வீட்டு கராஜில் நிறுத்தியதால் பலர் இறந்திருக்கிறார்கள்.

குழந்தைகளைத் தனியே விடுவதும் கூடாது. டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால் கார் கிளம்பத் தயார் என்று அர்த்தம். குழந்தை விளையாட்டாகப் பிரேக்கை மிதித்து கியரை மாற்றினால், சத்தமே இல்லாமல் வண்டி நகரும். ஏதோ காரணத்தால் ஏசி நின்றுவிட்டால், வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி வெப்பம் கூடிவிடும்.

ஹீட்டர் நமக்கு எதற்கு?

கார் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட்டின் சூடுதான் உள்ளே வெப்பக்காற்றாக வருகிறது. பேட்டரியில் ஓடும்போது இன்ஜின் ஆறிவிடுமே? அதனால் ஹீட்டர் போட்டால், சூட்டுக்காகவே இன்ஜின் ஓடத் தொடங்கும். டொரன்டோவில் இருக்கும் நம் உறவினர்களின் ஹைபிரிட் கார்கள் பனிக்காலத்தில் மைலேஜ் குறைவாகத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். சில மாடல்களில் துணைக்கு மின்சார ஹீட்டரும் இருக்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது ஐப்பசி, கார்த்திகை மழையில் கைகொடுக்கும். முன்கண்ணாடியின் உள்பக்கம் புகைபோல மூடினால், டிஃபாக் பட்டனை அழுத்தி, ஏசியை ஆன் செய்து, வெப்பநிலையைச் சற்றுக் கூட்டினால் போதும். ஏசி ஈரத்தை உறிஞ்ச, வெதுவெதுப்பான காற்று கண்ணாடியைத் துடைத்துவிடும்.

மறக்கக் கூடாத நான்கு

* பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர வைப்பதும் காருக்குள் இருக்கும் காற்றுதான். இருக்கைக்கு அருகில் அதற்கான துவாரம் இருக்கும். அதைப் பை, துணியால் மறைக்க வேண்டாம்.

* குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் தூசி அதிகம். அந்தத் துவாரத்தின் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

* மின்சார கம்ப்ரஸருக்கு, கரன்ட் கசியவிடாத தனி ஆயில் உண்டு. சாதாரண கார் ஏசி ஆயில் கலந்தால் மின்கசிவு ஏற்பட்டு, கார் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். கேஸ் நிரப்பும் முன் மெக்கானிக்கிடம் 'இது ஹைபிரிட்' என்று சொல்லிவிடுங்கள்.

* பானெட்டுக்குள் தெரியும் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கக்கூடிய உயர் அழுத்த மின்சாரம்.

காரை விட்டு இறங்கும் முன் 'ரெடி' விளக்கு அணைந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். பாட்டியையும் குழந்தையையும் கூடவே அழைத்துக்கொண்டு இறங்குங்கள்.